திறமூல சிஎம்எஸ்ஸுக்குப் பீட்டா விடுகிறீர்களா? முதலில் ஆட்களைப் பிடியுங்கள்

எங்கள் திறமூல சிஎம்எஸ்ஸின் (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், இணையதளத்தை எழுதி நிர்வகிக்க உதவும் மென்பொருள்) முதல் பீட்டாவை, அதாவது இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, விட்ட வாரம் நிறைய பேர் பதிவிறக்கினார்கள், வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள் குவிந்தன, கைதட்டும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பிழை இருக்கிறது என்று சொன்னவர்கள் மூன்றே பேர். சரி, பிழை குறைவாகத்தான் இருக்கிறது என்று நம்பி இறுதிப் பதிப்பையும் வெளியிட்டோம். அடுத்த திங்கட்கிழமை காலையில் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அழைத்தார். புதிய பதிப்புக்கு மாறிய பிறகு அறிவிப்புகளின் தலைப்புகள் வரிசையாகத் தெரிகின்றனவாம், ஆனால் எதைத் தொட்டாலும் பக்கம் திறக்கவில்லையாம். பக்கங்களின் பழைய இணைய முகவரிகளைப் புது வடிவத்துக்கு மாற்றும் நிரல், நீளமான தமிழ்த் தலைப்பு வந்த இடமெல்லாம் முகவரியைப் பாதியில் வெட்டியிருந்தது. நாங்கள் சோதித்த மாதிரித் தளத்தில் தலைப்புகள் "வணக்கம்", "சோதனை 1", "சோதனை 2" என்றுதான் இருந்தன. உண்மையான பள்ளி அறிவிப்பு எவ்வளவு நீளமாக இருக்கும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

அதிலிருந்து நான் பீட்டா வேலையை ஆட்களிலிருந்துதான் தொடங்குகிறேன். யார், எந்தத் தளத்தில், எதைச் செய்து பார்க்கப் போகிறார்கள் என்பது ஒரு தாளில் எழுதப்படாத வரை பதிப்பு எண்ணே போடுவதில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிதறிக் கிடக்கும் ஏழெட்டுத் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு, பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஒரு திறமூல சிஎம்எஸ்ஸை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய திட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் மறுபடி படத் தேவையில்லை.

கதவை எப்போது மூடுவது

ஆல்பா என்றால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். பீட்டா என்றால் கட்டி முடித்துவிட்டோம், இனிப் புதிய வசதி எதுவும் சேராது, உடைந்ததை மட்டும் சரிசெய்வோம். ஆர்சி, அதாவது ரிலீஸ் கேண்டிடேட், என்றால் இதையே இறுதிப் பதிப்பாக விடலாம் என்று நாங்கள் நினைக்கிறோம், தடுப்பதற்குக் காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்று பொருள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளும் குழுக்கள்தான் அதிகம். பீட்டா 1 வந்த பிறகு "இந்த ஒரு சின்ன வசதியை மட்டும் சேர்த்துவிடலாமே" என்று ஒருவர் கேட்பார், கேட்பவர் பெரும்பாலும் அதிகம் உழைத்தவராகவும் இருப்பார், மறுக்கச் சங்கடமாக இருக்கும். மறுத்துவிடுங்கள். அந்தச் சின்ன வசதி சேர்ந்த நிமிடமே அதுவரை பத்துப் பேர் செய்த சோதனை பழையதாகிவிடுகிறது.

வேர்ட்பிரஸ் என்ற பெரிய திறமூல சிஎம்எஸ்ஸில் பீட்டா 1 வந்தபின் புதிய வசதிக்குக் கதவு மூடப்படும், ஆர்சி 1 வந்தால் திரையில் தெரியும் சொற்களுக்கும் கதவு மூடப்படும். அதற்குப் பிறகு ஒரு திருத்தம் உள்ளே போக வேண்டுமென்றால் நிரலைச் சேர்க்கும் உரிமை உள்ள இருவர் அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சொல் உறைவை நான் ரொம்பவே முக்கியமாக நினைக்கிறேன். எங்கள் தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்பவர் ஓர் ஆசிரியை, பள்ளி முடிந்து, தேர்வுத்தாள் திருத்தி முடித்த பிறகுதான் இதற்கு உட்காருவார். ஒரு தடவை வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பொத்தான்களில் உள்ள ஆங்கிலச் சொற்களை "அழகாக்குகிறோம்" என்று மாற்றினோம். மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் தமிழும் மலாயும் காணாமல் போய், திரையில் மூன்று மொழிகளும் கலந்து நின்றன. ஓர் இரவு முழுவதும் அவர் உட்கார்ந்து மறுபடி செய்தார். அவருடைய அந்த இரவை நாங்கள் திருப்பித் தர முடியாது.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ட்ரூபல் என்ற இன்னொரு திறமூல சிஎம்எஸ்ஸின் 8ஆம் பதிப்புக்கு முதல் பீட்டா 2014 அக்டோபர் 1 அன்று வந்தது, இறுதிப் பதிப்பு வந்தது 2015 நவம்பர் 19, ஓர் ஆண்டுக்கும் மேல். வேர்ட்பிரஸ் 5.0ஐ 2018 நவம்பர் 19 அன்று விடுவதாகச் சொல்லி, பிறகு 27 என்று மாற்றி, கடைசியில் டிசம்பர் 6 அன்று விட்டார்கள். அந்தப் பதிப்பில்தான் எழுதும் பெட்டியே புதிதாக மாறியது. இரண்டும் பெரிய திட்டங்கள், பின்னால் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன, தேதி நகர்ந்தாலும் தாங்கும். நம்மைப் போன்ற சிறிய குழுவில் தேதி இரண்டு முறை நகர்ந்தால் சோதிப்பவர்கள் மெல்ல விலகிவிடுவார்கள். அதனால் என் தேர்வு: தேதியை வைத்துக்கொள்ளுங்கள், வசதியைக் குறையுங்கள். தயாராகாத வசதி அடுத்த பதிப்புக்குப் போகட்டும்.

தேதி குறிக்கும்போது நாட்காட்டியை மேசையில் விரித்து வையுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் கோயில் தளம் வைத்திருக்கும் யாரும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்கள், அவர்கள் பத்துமலையிலோ பினாங்கு தண்ணீர்மலையிலோ நிற்பார்கள், தளமும் அப்போதுதான் உச்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, பள்ளி விடுமுறை எல்லாமே அப்படித்தான். இன்னொன்று, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கைப்பட்டாணியில் இருக்கும் உங்கள் சோதனையாளர் ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் இருப்பார், அதே ஞாயிறு பட்டர்வொர்த்தில் இருப்பவர் வீட்டில் இருப்பார். "வாரக் கடைசியில் பாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஆளுக்கு ஒரு நாள் என்று பிரிந்துவிடும். நாளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வெளிநாட்டுத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்தால் நேரத்தையும் நம் கணக்கில் எழுதுங்கள்: உலகப் பொது நேரம் 15:00 என்றால் நமக்கு இரவு 11 மணி, வேலைக்குப் போகிறவர் விழித்திருக்கும் நேரமா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். எங்கள் சொந்த வெளியீடுகளைச் செவ்வாய்க்கிழமை காலையில் வைத்துக்கொள்கிறோம். ஏதாவது உடைந்தால் அந்த வாரத்திலேயே மூன்று வேலைநாள் கையில் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு பேர் போதும்

கூட்டம் தேவையில்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்ட பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். நான் தேடுவது இப்படி: ஏழெட்டு ஆண்டுப் பழைய தளம் ஒன்றை வைத்திருப்பவர், அதில் பாதிப் படங்கள் உடைந்திருந்தால் இன்னும் நல்லது. மாதம் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சேவையகத்தைப் பகிர்ந்துகொள்வது) பிஎச்பி என்ற நிரல்மொழியின் பழைய பதிப்போடு ஓட்டுபவர். கணினியைத் தொடாமல் கைப்பேசியிலேயே எல்லாம் செய்பவர். திரைவாசிப்பானை வைத்துப் பயன்படுத்துபவர் ஒருவராவது. தீம் (தளத்தின் தோற்றம்) அல்லது நீட்சி (கூடுதல் வசதியைச் சேர்க்கும் நிரல்) எழுதுபவர் இருவர். மொழிபெயர்ப்பவர்கள். அப்புறம், நம் சிஎம்எஸ்ஸை இதுவரை கண்ணாலேயே பார்க்காத ஒருவர். கோயில் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் அவர்களுக்கு எது கடினமாக இருக்கிறதோ அது உண்மையிலேயே கடினமானது.

நீட்சி எழுதுபவர்களுக்கு ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 நல்ல பாடம். அதில், பழைய நிரல்கள் தொடர்ந்து ஓட உதவும் ஜேகுவெரி மைக்ரேட் என்ற துணை நிரலை இயல்பாக ஏற்றுவதை நிறுத்தினார்கள். மையத்தில், அதாவது வேர்ட்பிரஸ்ஸின் சொந்த நிரலில், எல்லாம் சரியாகவே ஓடியது, அதை நம்பியிருந்த பழைய தீம்களும் நீட்சிகளும் ஏராளமான தளங்களில் உடைந்தன. அதைத் திரும்ப ஏற்றித் தருவதற்கென்றே ஒரு நீட்சியை வெளியிட வேண்டியிருந்தது. பயன்படுத்துபவர் பார்வையில் எது மையம், எது நீட்சி என்ற பேதமே கிடையாது, "அப்டேட் செய்தேன், போய்விட்டது" என்பார், அவ்வளவுதான். அதனால் எதையாவது நீக்கப் போகிறீர்கள் என்றால், பீட்டா 1 வருவதற்கு முன்பே நீட்சி எழுதுபவர்களைத் தனித்தனியாக அழைத்துச் சொல்லுங்கள். ஜார்ஜ் டவுனில் எங்களுக்குத் தீம் செய்து தரும் தம்பிக்கு நான் இப்போது ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஆட்கள் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை கொடுங்கள். "பீட்டாவைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்க" என்றால் யாரும் எதையும் பார்க்கமாட்டார்கள், முகப்புப் பக்கத்தைத் திறந்துவிட்டு நல்லா இருக்கு என்பார்கள். நான் அனுப்பும் செய்தி இந்த மாதிரி இருக்கும்: "அக்கா, வணக்கம். உங்க பள்ளித் தளத்தோட நகல் ஒன்னு தயார் பண்ணியிருக்கேன். அதுல போன வருஷத்து விளையாட்டுப் போட்டி அறிவிப்பைத் திறந்து, ரெண்டு படம் சேர்த்து, தேதியை மாத்தி, மறுபடி வெளியிட்டுப் பாருங்க. கைப்பேசியிலேயே செய்ங்க. வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள முடிஞ்சா போதும். எங்கேயாவது நின்னுட்டா அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க." வேலை சிறியது, கருவி எது என்று தெரிகிறது, கெடு இருக்கிறது, நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. இப்படி அனுப்பத் தொடங்கிய பிறகு பதில் வராத ஆளே இல்லை எனலாம்.

முடிந்தால் ஒரு முறை நேரில் உட்காருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் சனிக்கிழமை மாலை நான்கு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்தபோது, எழுத்தில் இரண்டு வாரமாகப் புரியாத ஒரு பிழை, அந்த அண்ணன் விரலை எங்கே வைக்கிறார் என்று பார்த்த நொடியில் புரிந்துவிட்டது. தே தாரேக் ஆறுவதற்குள் திருத்தமும் எழுதியாயிற்று.

நகல் தளம்: இங்கேதான் கை கவனமாக இருக்க வேண்டும்

உண்மையான தரவு இல்லாமல் பீட்டாவைச் சோதிப்பது வீண் என்பது கிள்ளான் பள்ளிக் கதையிலேயே தெரிந்தது. உண்மையான தரவை நகல் எடுக்கும்போது வேறு ஆபத்துகள் வரும். ஒரு பள்ளியின் தளத்தை நகல் எடுத்து, மேம்படுத்திப் பார்த்தபோது, நகல் தளம் தன் வரிசையில் தேங்கியிருந்த மின்னஞ்சல்களை எல்லாம் பெற்றோர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. இரவு பத்தரை மணி. எப்போதோ நடந்து முடிந்த ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு "நாளை தவறாமல் வரவும்" என்ற நினைவூட்டல். மறுநாள் காலை சில பெற்றோர் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். தலைமையாசிரியரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் நகல் எடுத்த உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன், இந்த வரிசையில் செய்யுங்கள். மின்னஞ்சல் அனுப்பும் வசதியை முழுவதுமாக அடைத்துவிடுங்கள், அமைப்புப் பக்கத்தில் மட்டும் நிறுத்தினால் போதாது, சேவையகத்திலேயே வெளியே போகாதபடி செய்யுங்கள். நேரப்படி தானாக ஓடும் பணிகளை நிறுத்துங்கள். தளத்துக்கு ஒரு கடவுச்சொல் போடுங்கள், அப்போதுதான் தேடுபொறிகளும் உள்ளே வராது. பிறகு பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் உள்ள இடங்களைப் பொய்யான தரவால் நிரப்புங்கள். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைகளின் விவரத்தைத் தன்னார்வலர் பன்னிரண்டு பேரின் கணினியில் பரப்ப நமக்கு உரிமை இல்லை. பொய்ப்பெயர் போடும்போது நீளத்தையும் எழுத்தின் வகையையும் மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிழையும் சேர்ந்து மறைந்துவிடும்.

பின்னால் திரும்பும் வழியையும் ஒத்திகை பாருங்கள். தரவுத்தள அமைப்பு ஒருமுறை மாறிவிட்டால், பழைய நிரலைத் திரும்ப வைப்பதால் மட்டும் பழைய நிலை வந்துவிடாது. காப்பு நகலிலிருந்து முழுத் தளத்தையும் மீட்டு, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தை வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள்.

தமிழ்த் தளத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் ஆங்கிலத்தில் சோதிப்பவர்கள் கண்ணில் இவை ஒருபோதும் படாது. நாம் பார்க்காவிட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை.

முதலில் முகவரி. தமிழில் ஒவ்வோர் எழுத்துக்குறியும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி) யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட், அதை இணைய முகவரியாக மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகும், ஆக ஒரு குறிக்கு 9 இடம். வேர்ட்பிரஸ் பதிவு முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். "கோலாலம்பூர்" 11 குறி, 99 இடம். "தைப்பூசம்" 9 குறி, 81 இடம். நடுவில் ஒரு கோடு சேர்த்தால் இரண்டு சொல்லுக்கே 181 ஆகிவிட்டது. மூன்றாவது சொல்லில் இரண்டு குறிகளுக்கு மேல் இடம் கிடையாது. கிள்ளான் பள்ளியில் எங்களுக்கு நடந்ததும் இதே வகைதான். உங்கள் சிஎம்எஸ்ஸில் இந்த எல்லை எவ்வளவு, அதைத் தாண்டினால் எழுத்தின் நடுவில் வெட்டுகிறதா, ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு தலைப்புகள் வெட்டிய பிறகு ஒரே முகவரியாகி மோதுகின்றனவா என்று பாருங்கள். "தைப்பூசத் திருவிழா ஏற்பாட்டுக் குழுக் கூட்டம்" என்று தொடங்கும் பத்து அறிவிப்புகளைப் போட்டால் போதும், தெரிந்துவிடும்.

அடுத்தது வெட்டுவது பற்றியே. முன்னோட்டத்துக்குப் பத்தியைச் சுருக்கும் நிரல் பைட் கணக்கில் வெட்டினால் கேள்விக்குறி உள்ள கறுப்புக் கட்டம் வரும், அதைக் கண்டுபிடிப்பது எளிது. குறிக் கணக்கில் வெட்டினால் "கோ" என்பது "க" ஆகிவிடும், "மு" என்பது "ம" ஆகிவிடும். இது திரையில் பிழை மாதிரியே தெரியாது, தமிழ் படிக்கிறவருக்கு மட்டும்தான் உறுத்தும். பிஎச்பியின் இன்டல் (intl) நீட்சியில் முழு எழுத்தாக எண்ணி வெட்டும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பயனரின் பெயரிலிருந்து முதல் எழுத்தை எடுத்து வட்டத்துக்குள் போடும் தீம்களிலும் இதே சிக்கல்தான்.

"கொ", "கோ" போன்றவற்றில் வரும் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரைகளைத் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து மாற்றி வைத்திருக்கும் தளங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்: கட்டுரை கண்ணெதிரே இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தட்டச்சு முறைகளையும் கலந்து சோதியுங்கள். நம் ஊரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகியவர்கள் நிறைய, கைப்பேசியில் செல்லினம், வேறு சிலருக்குத் தமிழ்99. எழுதும் பெட்டியில் பின்நகர்வு விசையை ஒருமுறை தட்டினால் குறி மட்டும் போகிறதா, எழுத்தே போகிறதா, பக்கத்துச் சொல்லையும் சேர்த்து விழுங்குகிறதா என்பதை ஒவ்வொன்றிலும் பாருங்கள்.

பிடிஎஃப் உருவாக்கும் வசதி இருந்தால் அதில் "கெ" ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். சேமிப்பில் ககரம் முதலில், கொம்பு பிறகு. எழுத்தைக் கோத்துத் தரும் திறன் இல்லாத நிரல்களில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிள்ளையின் பெயர் அப்படி வந்தால் அந்தப் பெற்றோருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலேசியாவுக்கே உரிய ஒன்று, பெயரின் நடுவில் வரும் சாய்கோடு. நம்மவர் பெயர்களில் ஏ/எல், ஏ/பி (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்று அடையாள அட்டையிலேயே இருக்கும். சில படிவங்கள் அந்தக் கோட்டை ஏற்காது. ஏற்றுக்கொண்ட பிறகு, பெயரை வைத்துக் கோப்பு உருவாக்கும் ஏற்றுமதி வசதி அந்தக் கோட்டை உள்கோப்புறை என்று புரிந்துகொண்டு பாதியில் நிற்கும். எங்கள் பீட்டா 2இல் சரியாக இதுதான் சிக்கியது, பட்டர்வொர்த்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் சொந்தப் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்து பார்த்ததால்.

தேதியில் ஒரு நுணுக்கம். தீபகற்ப மலேசியா உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் என்ற கணக்குக்கு வந்தது 1982இல்தான், அதற்கு முன் ஏழரை மணி நேரம். கோயில் வரலாற்றுப் பக்கத்தில் 1975இல் நடந்த குடமுழுக்கின் தேதியைப் போட்டு, ஓரிடத்தில் நிரல் எப்போதும் 8 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு சேமித்து, இன்னோரிடத்தில் சரியான நேர வலயப் பட்டியலைப் பார்த்துக் காட்டினால், நள்ளிரவு 12 மணி என்பது முந்தைய நாள் இரவு 11:30 ஆகும், தேதி ஒரு நாள் பின்னால் போய்விடும். பழைய தேதி ஒன்றைக் கட்டாயம் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

பொத்தான்களின் அகலம், ஒரே வரியில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் வரும்போது எழுத்தின் உயரம், இவற்றைக் கைப்பேசியில் ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

பிழை வந்து சேரும் வழி

நிரலும் பிழைப் பட்டியலும் இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் திறந்து ஆங்கிலத்தில் பிழை எழுதுங்கள் என்றால், உங்களுக்கு மிகத் தேவையான ஆட்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். எங்களுக்குப் பாதிப் பிழைகள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருகின்றன, பேருந்துச் சத்தத்தோடு, குழந்தை அழுகையோடு. வரட்டும். அதைக் கேட்டு எழுத்தாக்கிப் பிழைப் பட்டியலில் ஏற்றுவது ஒருங்கிணைப்பாளர் வேலை. என்ன செய்தார், என்ன நடக்கும் என்று நினைத்தார், என்ன நடந்தது, எந்தப் பீட்டா, எந்தக் கருவி, எந்த உலாவி, பிஎச்பி பதிப்பு என்ன. இந்த ஏழும் இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள், விடுபட்டதைத் திரும்பக் கேளுங்கள். ஏற்றிய பிறகு பிழையின் எண்ணை அவருக்கு அனுப்புங்கள். ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் ஆனாலும் பதில் ஒரு நாளில் போக வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பதில் வராதவர் இரண்டாவது பிழையைச் சொல்லமாட்டார்.

பாதுகாப்புக் குறைகளுக்குத் தனி வழி வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலோ பொதுப் பட்டியலிலோ யாராவது போட்டுவிட்டால் உடனே எடுத்துவிட்டு அவரிடம் தனியாகப் பேசுங்கள். அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியை முதல் நாளே அறிவித்து, அதைப் படிக்க இருவரை வையுங்கள்.

பிறகு பிரிப்பது. ஒவ்வொரு பிழைக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது இந்தப் பீட்டாவில் புதிதாகக் கெட்டதா, முந்தைய பதிப்பிலும் இப்படித்தானா? முந்தைய பதிப்பை ஒரு மூலையில் ஓடவிட்டு வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். புதிதாகக் கெட்டது என்றால் இந்தச் சுற்றிலேயே சரியாக வேண்டும். பழையது என்றால், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், அடுத்த பதிப்புக்குப் போகலாம். தரவு இழப்பு, மேம்படுத்தல் பாதியில் நிற்பது, பாதுகாப்பு, உள்நுழைய முடியாமை, இந்த நான்கும் வெளியீட்டையே நிறுத்தும். மற்றவை பற்றிப் பேசி முடிவு செய்யலாம். சண்டை வரும். தான் எழுதிய வசதியில் வந்த பிழையை யாரும் சிறியது என்றுதான் நினைப்பார்கள், அதனால் எழுதியவர் இல்லாத இன்னொருவர் கையில் தீர்ப்பை விடுங்கள்.

பீட்டா 2லிருந்து இறுதி வரை

பீட்டாக்களுக்கு இடையில் ஒரு வாரம் போதும். பதிப்பு எண்ணைப் பீட்டா, புள்ளி, எண் என்று பிரித்து எழுதுங்கள். செம்வர் என்ற பதிப்பு எண் விதிப்படி புள்ளி இல்லாமல் ஒட்டி எழுதினால் அது எழுத்து வரிசையில் ஒப்பிடப்பட்டு, பத்தாவது பீட்டா இரண்டாவதைவிடப் பழையது என்று ஆகிவிடும், தானியங்கி மேம்படுத்தலும் நின்றுவிடும். ஒவ்வொரு பீட்டாவோடும் என்ன மாறியது, இன்னும் என்ன உடைந்திருக்கிறது என்று இரண்டு பத்தி தமிழில் எழுதுங்கள். உடைந்திருப்பதை முன்பே சொல்லிவிட்டால் ஒரே பிழையைப் பத்துப் பேர் சொல்லும் வேலை மிச்சம். உண்மையான தளத்தில் இதைப் போடாதீர்கள் என்ற வரி முதல் வரியாக இருக்கட்டும்.

எப்போது ஆர்சிக்குப் போவது? எங்கள் கணக்கு: வெளியீட்டை நிறுத்தும் பிழை ஒன்றும் திறந்திருக்கக் கூடாது, ஐந்து நாட்களாகப் புதிதாக ஒன்றும் வந்திருக்கக் கூடாது, கொடுத்த வேலையைச் சோதனையாளர் ஒவ்வொருவரும் முடித்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பலர் விடுவது. பிழை வரவில்லை என்றால் அது சோதித்ததால் வரவில்லையா, சோதிக்காததால் வரவில்லையா என்று தெரிய வேண்டும். ஆர்சியில் நிரலுக்குத் தனிக் கிளை (தனியாக வளரும் நகல்) பிரித்துவிடுங்கள், அடுத்த பதிப்புக்கான வேலை மையக் கிளையில் ஓடட்டும்.

வெளியிடும் நாளில் ஒருவர் கட்டளையைத் தட்டுவார், இன்னொருவர் பட்டியலைச் சத்தமாகப் படிப்பார், தட்டுபவரே படிக்கக் கூடாது. தொகுப்பை உருவாக்கிய பிறகு அதைப் பொது முகவரியிலிருந்தே பதிவிறக்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, புதிய தளத்திலும் பழைய தள நகலிலும் ஒரு முறை நிறுவுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அறிவியுங்கள். அறிவிப்பில் சோதித்தவர்கள் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் எழுதும் விதத்திலேயே போடுங்கள். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிப்பிலும் பங்களித்தவர்களுக்கென்று உள்ளேயே ஒரு பக்கம் வைத்திருக்கிறது. எங்கள் சிஎம்எஸ்ஸிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. கிள்ளான் அக்கா அதைப் படம் எடுத்துத் தம் மகளுக்கு அனுப்பினார்.

முதல் வாரம் யாரும் விடுமுறையில் போகாதீர்கள், சிறு திருத்தப் பதிப்பு ஒன்று நிச்சயம் தேவைப்படும். அந்த வாரம் முடிந்ததும், நினைவு சூடாக இருக்கும்போதே, யாருக்கு என்ன வேலை கொடுத்தோம், எது பிடிபட்டது, எது தப்பியது என்று அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். தப்பியது எதுவோ அதற்கு ஓர் ஆளின் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், அடுத்த பீட்டாவில் அவருக்கு அதுதான் வேலை.